ஓடுகிற ஆளின் ஈரலில் கொழுப்பு: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

அவர் முதன்முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். கையில் தனியார் ஆய்வுகூடத்து ரிப்போர்ட், அதில் மூன்று இடத்தில் மஞ்சள் கோடு. கோடு போட்டது அவருடைய மனைவி. “இதை டொக்டரிட்டக் காட்டாமல் ஞாயிறு சப்பாத்தைத் தொடக்கூடாது” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இதை எழுத அவர் ஒப்புக்கொண்டார். ஆளை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரும் நானும் வழி தவறிய இடங்களை மாற்றவில்லை.

வயது 49. அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவு. காலை எட்டரையிலிருந்து பின்னேரம் நாலேகால் வரை கதிரை. ஆனால் விடிய நாலரைக்கு எழும்பி ஓடுகிறவர். கிழமைக்கு 45 முதல் 50 கிலோமீற்றர் ஓட்டம், அதற்கு மேல் இரண்டு நாள் சைக்கிள். ஞாயிறு என்றால் கோட்டையடியில் தொடங்கி, பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணைப் பக்கம் போய்த் திரும்புவார். இரண்டு பக்கமும் கடல், நிழல் ஒரு துளி இல்லை. ஆறரைக்கு முன் முடிக்காவிட்டால் வெயில் முதுகைப் பிளக்கும். அரை மரதனை 1 மணி 52 நிமிடத்தில் ஓடுகிறவர். சும்மா இருக்கும்போது நாடித்துடிப்பு 52. புகை இல்லை. அப்பாவுக்குச் சீனி வருத்தம், அம்மாவுக்குப் பிறசர். இந்த ஊரில் அது கிட்டத்தட்ட எல்லா வீட்டுக் கதையும்தான்.

அவர் சொன்ன முதல் வசனம் நினைவிருக்கிறது. “டொக்டர், ரிப்போர்ட் மாறி வந்திட்டுதோ தெரியேல்ல. எங்கட அலுவலகத்தில கூட ஓடுறவன் நான்தான்.”

ரிப்போர்ட் மாறவில்லை. ஆனால் அவர் பயந்ததில் பாதி ஈரலைப் பற்றியது அல்ல. அதைப் பிரித்தெடுக்கத்தான் முதல் இரண்டு கிழமை போனது.

முதல் தாள்

ஈரலைப் பார்க்க அளக்கும் நொதிகள் மூன்று: ஏஎஸ்டி 118, ஏஎல்டி 74, ஜிஜிடி 62. பழைய ரிப்போர்ட்களில் முதல் இரண்டும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று இருக்கும்; இரண்டும் ஒன்றுதான். குருதிச் சிறுதட்டுக்கள் 212 ஆயிரம். பிலிருபின் சரி, அல்புமின் சரி. சாப்பிடாமல் எடுத்த சீனி 108, மூன்று மாசச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 5.9 சதவீதம், இரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைட் 212, நல்ல கொலஸ்ரோல் 41. வயிற்று ஸ்கானில் ‘தரம் 2 கொழுப்பீரல்’ என்று எழுதியிருந்தது.

அவர் கணக்கர் அல்லவா, இணையத்தில் ஃபிப்-4 என்ற கணக்கைக் கண்டுபிடித்துப் போட்டுப் பார்த்துவிட்டார். ஈரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று வடிகட்டிப் பார்க்க நாங்களும் பயன்படுத்தும் கணக்குத்தான் அது. வயதை ஏஎஸ்டியால் பெருக்க வேண்டும். குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையை ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 49 தர 118 என்றால் 5782. 74 இன் வர்க்கமூலம் 8.6, அதை 212 ஆல் பெருக்கினால் 1824 அளவில் வரும். வகுத்தால் 3.17. விடை 1.3 க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை, 2.67 க்கு மேலே போனால் தழும்பு முற்றியிருக்கலாம், மேற்கொண்டு பார்க்க வேண்டும். அவருக்கு 3.17. மூன்று இரவாக நித்திரை இல்லை. ‘சிரோசிஸ்’, அதாவது ஈரல் முழுக்கத் தழும்பேறிய நிலை, என்ற சொல்லை வீட்டில் யாருக்கும் சொல்லவுமில்லை.

நான் கேட்டது ஒரே கேள்விதான்: இரத்தம் எப்போது குடுத்தீர்கள்?

திங்கள் காலை. அதற்கு முதல்நாள் விடிய 26 கிலோமீற்றர் ஓடியிருக்கிறார், கடைசி ஆறு கிலோமீற்றர் வேகமாக.

ஏஎஸ்டி ஈரலில் மட்டும் இருக்கும் நொதி அல்ல. தசையிலும் நிறைய உண்டு. நீண்ட ஓட்டத்தில் தசை நார்கள் நுண்ணளவில் கிழியும்போது அது இரத்தத்தில் கசியும், ஏஎல்டியும் கொஞ்சம் சேர்ந்து ஏறும். மரதன் போன்ற ஓட்டத்துக்குப் பிறகு ஒரு கிழமைக்கு மேலும் இந்த ஏற்றம் நிற்கலாம். ஏஎல்டியைவிட ஏஎஸ்டி கூடவாக இருந்ததும் எனக்கு ஒரு சாடை தந்தது. சாதாரணக் கொழுப்பீரலின் ஆரம்பத்தில் வழமையாக ஏஎல்டிதான் முன்னுக்கு நிற்கும். ஏஎஸ்டி முந்தினால் மனதில் மூன்று வர வேண்டும்: மது, முற்றிய தழும்பு, தசை.

அன்றைக்கே சிகே என்ற தசை நொதியைப் பார்த்தோம். 1460. வழமையான மேல்மட்டம் 200 சுற்றுவட்டாரம். சரி, அப்போ தசைதான் பேசுகிறது. எட்டு நாள் ஓட்டம், சைக்கிள், பாரம் தூக்குதல் எதுவும் வேண்டாம், நடை மட்டும், அதற்குப் பிறகு திரும்ப இரத்தம் என்று சொன்னேன். எட்டு நாள் சும்மா இருக்கச் சொன்னது அவருக்கு 3.17 ஐ விடப் பெரிய தண்டனையாக இருந்தது என்று மனைவி பிறகு சொன்னார்.

இரண்டாவது தாளில் ஏஎஸ்டி 34, ஏஎல்டி 58, ஜிஜிடி 60, சிறுதட்டுக்கள் 221 ஆயிரம், சிகே 190. இந்த முறை கணக்கை நான் போடவில்லை, அவரையே போடச் சொன்னேன். 0.99. ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே சுழன்ற விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தழும்பு பற்றிய பயம் அதோடு போனது. ஆனால் ஏஎல்டி 58 போகவில்லை, ஜிஜிடி அசையவில்லை. ஜிஜிடி தசையிலிருந்து வருவதில்லை. தசை அமைதியானதும், அதன் சத்தத்துக்குப் பின்னால் ஈரல் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. ஸ்கானும் அதையே சொன்னது. பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டிருந்தால் அதுவும் பிழை. ஓடுகிறவர்களின் ரிப்போர்ட்டில் இரண்டு பக்கத் தவறும் நடக்கிறது. ஒன்று, தசையின் நொதியை ஈரல் கணக்கில் எழுதிப் பயமுறுத்துவது. மற்றது, “நீங்கள் ஓடுகிற ஆள், தசையாக இருக்கும்” என்று சொல்லி உண்மையான ஈரல் நோயைத் தள்ளிவிடுவது. இவருக்கு இரண்டும் ஒரே தாளில் இருந்தன.

மற்றக் காரணங்களைத் தேடினோம். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை. தைரொயிட் சரி. ஸ்ரெரொயிட், மெதோட்ரெக்சேற், அமியோடரோன் போன்ற கொழுப்பீரலோடு தொடர்புபட்ட மருந்துகள் எதுவும் எடுக்கவில்லை. முழங்கால் நோவுக்கு எப்போதாவது டைக்குளோபெனக். ஆனால் பையிலிருந்து இன்னும் இரண்டு சாமான் வந்தன: ‘ஈரல் சுத்தம்’ என்று ஓட்டக் கூட்டாளி விற்ற மூலிகைத் தூள், கொழுப்பைக் கரைக்கும் என்று வாங்கிய பச்சைத் தேயிலைச் சாற்றுக் குளிசை. இரண்டையும் அன்றோடு நிறுத்தினேன். பச்சைத் தேயிலையைக் கோப்பையில் குடிப்பதில் பிரச்சினை இல்லை. அதைச் செறிவாக்கிய குளிசை சிலருக்கு ஈரலைக் கடுமையாகத் தாக்கியிருக்கிறது. அந்தத் தூளுக்குள் என்ன இருந்தது என்று விற்றவருக்கே தெரியாது.

மது? பனங்கள்ளுக் காலத்தில் ஞாயிறு ஓட்டம் முடிந்து ஒரு போத்தல். “இயற்கைதானே டொக்டர்.” 750 மில்லிலீற்றர், 5 சதவீதம் என்று வைத்தால் சுமார் 30 கிராம் மதுசாரம். ஆண்களுக்குக் கிழமைக்கு 210 கிராம் என்பதுதான் மதுவைப் பெரிய காரணமாகக் கருதத் தொடங்கும் எல்லை. இவர் அதற்கு வெகு கீழே. ஆகவே இது 2023 இல் பெயர் மாற்றப்பட்ட நோய்தான். முன்பு ‘மதுசாரா கொழுப்பீரல்’ என்றோம், இப்போது ‘வளர்சிதை மாற்றக் கோளாறுடன் சேர்ந்த கொழுப்பீரல்’. பெயர் நீண்டுவிட்டாலும் பழையதைவிட நேர்மையானது: என்ன இல்லை என்று சொல்லாமல் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. இந்தப் பெயரை வைக்க, கொழுப்போடு இடுப்பு, சீனி, பிறசர், ட்ரைகிளிசரைட், நல்ல கொலஸ்ரோல் ஆகியவற்றில் ஒன்றாவது பிசகியிருக்க வேண்டும். இவருக்கு நான்கு பிசகியிருந்தன: இடுப்பு, சீனி, ட்ரைகிளிசரைட், 132/84 என்று எல்லையை மயிரிழையில் தாண்டிய பிறசர்.

மெலிந்த ஆளின் வயிறு

பார்வைக்கு அவர் மெலிவு. கை கால் எல்லாம் கயிறு மாதிரி. 168 சென்ரிமீற்றர் உயரம், 71.5 கிலோ, உடல் நிறைச் சுட்டெண் 25.3. வெள்ளைக்காரரின் அளவுகோலில் மயிரிழை கூட. எங்களுக்கு 23 இலேயே மணி அடிக்க வேண்டும். இடுப்பை அளந்தேன்: 93 சென்ரிமீற்றர். தெற்காசிய ஆண்களுக்கு 90 தான் எல்லை. ரீசேட்டை இறக்கிவிட்டு, “இது ஓட்டக்காரர் வயிறு இல்லை அண்ணை” என்றேன். சிரித்தார், ஆனால் பிடிக்கவில்லை.

எங்கள் உடம்பு கொழுப்பைத் தோலுக்குக் கீழே அதிகம் பதுக்குவதில்லை. வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் போடும். பரம்பரையும் சேரும். ராகமவில் நடந்த சமூக ஆய்வில் பெரியவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்குக் கொழுப்பீரல் இருந்தது தெரியவந்தது. அது தென்னிலங்கை நகர்ப்புறத்துக் கணக்கு. எங்கள் பக்கம் வேறு மாதிரி இருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் இல்லை.

கேட்டுக் கேட்டு எடுத்ததில் கதை இப்படி வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவர் நிறை 66. பிறகு முழங்கால் பிடித்து நாலு மாசம் ஓடவில்லை. கால் நின்றது, கை நிற்கவில்லை. கிழமைக்கு 50 கிலோமீற்றர் ஓடும் ஆளின் சாப்பாட்டை அவர் கதிரையில் இருந்தபடி சாப்பிட்டார். ஐந்து கிலோ ஏறியது. திரும்ப ஓடத் தொடங்கியதும் அது தானாக இறங்கும் என்று இருந்தார். இறங்கவில்லை. ஏன் என்பதுதான் இந்த நிகழ்வின் நடு.

ஒரு சாதாரணப் புதன்கிழமையை எழுதித் தரச் சொன்னேன், போட்டி நாளை அல்ல. அவர் கணக்கர்; ஒழுங்காக எழுதினார்.

விடிய 8 கிலோமீற்றர், 50 நிமிடம். ஓட முதல் விளையாட்டுப் பானம் ஒரு போத்தல், ஓடி முடிய இன்னொன்று. 500 மில்லிலீற்றரில் 6 சதவீதம் சீனி என்றால் போத்தலுக்கு 30 கிராம். பத்து மணிக்குப் பைக்கற் பழச்சாறு, 200 மில்லிலீற்றர். பைக்கற்றில் சிவப்பு வட்டம். 2016 இலிருந்து குளிர்பானங்களில் இருக்கும் அந்த வட்டம் சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்று அர்த்தம். ஆக ஒரு பைக்கற்றில் 22 கிராமுக்குக் குறையாது. தேத்தண்ணி ஐந்து தரம், இரண்டு தேக்கரண்டி வீதம், 40 கிராம். கூட்டினால் 122 கிராம் சீனி. உணவில் சேர்க்கும் சீனி மொத்த சக்தியில் பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது, பாதியாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்னது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், பாதி என்றால் 25.

122 கிராம் சீனி ஏறத்தாழ 490 கலோரி. ஓட்டத்தில் கிலோவுக்கு, கிலோமீற்றருக்கு ஒரு கலோரி என்பது பருமட்டான கணக்கு. 71 கிலோ ஆள் 8 கிலோமீற்றர் ஓடினால் 570. காலை முழுக்க வியர்த்தது, குடித்ததிலேயே பெரும்பாலும் கழிந்துவிட்டது. இதில் பின்னேரம் மிதிவெடி என்ற பொரித்த ரோல் ஒன்றும் ஒன்பதரை மணிப் புட்டும் இன்னும் சேரவில்லை.

“ஓடுறவன் குடிக்கத்தானே அந்தப் பானம் டொக்டர்?”

ஓடுகிறவர்தான் குடிக்க வேண்டும். எப்போது என்பதுதான் கேள்வி. மேசைச் சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்ரோஸ். குளுக்கோஸைத் தசை நேரே எடுத்துக்கொள்ளும். பிரக்ரோஸில் பெரும்பகுதி ஈரலுக்குத்தான் போகும். இரண்டரை மணி நேரம் ஓடி ஈரலின் களஞ்சியம் காலியாக இருக்கும்போது அது அங்கே கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாச்சத்தாக அடுக்கப்படும். ஆனால் ஈரலின் களஞ்சியம் 100 கிராம் அளவில்தான். 50 நிமிட மெதுவோட்டத்துக்கு அது காலியாவதே இல்லை. நிரம்பிய களஞ்சியத்தில் திரும்பத் திரும்ப மூட்டை இறக்கினால் ஈரல் அதைக் கொழுப்பாக்கும். ஒரே போத்தல், ஞாயிறில் எரிபொருள், புதனில் கொழுப்பு. இவர் ஞாயிறுக்கான சாப்பாட்டை ஏழு நாளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போ ஓட்டம் பிரயோசனம் இல்லையா என்றால், இல்லை என்று சொல்லமாட்டேன். நிறை குறையாவிட்டாலும் ஒழுங்கான உடற்பயிற்சி ஈரல் கொழுப்பைக் குறைக்கும். அப்பாவின் சீனி வருத்தத்தையும் அந்த இடுப்பையும் வைத்துப் பார்த்தால், ஓடாமல் இருந்திருந்தால் எச்பிஏ1சி 5.9 இல் நின்றிருக்காது என்றே நினைக்கிறேன். ஓட்டம் கடனை அடைத்துக்கொண்டுதான் இருந்தது; அவர் வட்டிக்கு மேல் வட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்தார்.

இடையில் கொழும்புக்குப் போன இடத்தில், ஈரலின் இறுக்கத்தையும் கொழுப்பையும் அளக்கும் ஃபைப்ரோஸ்கானும் செய்துகொண்டு வந்தார். ஃபிப்-4 0.99 ஆக இருந்தபடியால் அது கட்டாயம் இல்லை என்று சொன்னேன். நித்திரை வரவேண்டுமே என்றார். மூன்று மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து செய்ததில் இறுக்கம் 5.4 கிலோபாஸ்கல், கொழுப்பு அளவு 301. எட்டுக்குக் கீழே இருந்தால் இறுக்கம் பயமில்லை. கொழுப்பு நன்றாக உண்டு, தழும்பு இல்லை. பிரயோசனமில்லாத செலவு என்று சொல்ல வந்தேன், ஆனால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அந்த 301 உதவியது.

நான் விட்ட பிழை

முதல் ஆலோசனைத் தாளில் நான் எழுதியது இது: ‘சோறு, பாண், புட்டு குறைக்கவும். சீனி நிறுத்தவும். 5 கிலோ குறைக்கவும்.’ இதே மூன்று வரியைத்தான் எல்லோருக்கும் எழுதுகிறேன். கதிரையில் இருக்கும் ஆளுக்கு அது பரவாயில்லை. கிழமைக்கு 50 கிலோமீற்றர் ஓடும் ஆளுக்கு, அதுவும் இலக்கம் கண்டால் அடிக்காமல் விடாத ஆளுக்கு, அது ஆபத்து.

நாலு கிழமையில் 4.2 கிலோ குறைத்துக்கொண்டு வந்தார். மனைவி பெருமைப்படவில்லை. “சோத்தைத் தொடுறாரில்லை டொக்டர், எரிஞ்சு எரிஞ்சு விழுறார்” என்றார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். “கொஞ்சம் மெதுவாப் போங்கோ” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு, வெறும் வயிற்றில், தண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டு வேலணைப் பக்கம் ஓடியிருக்கிறார். திரும்பும்போது பண்ணைப் பாலத்துக் கரையில், 22 ஆவது கிலோமீற்றரில், கால் இரண்டும் தன்னுடையது இல்லாத மாதிரி. பிறகு கை நடுக்கம், குளிர் வியர்வை, கண் இருட்டு. தெருவோரக் கல்லில் இருந்துவிட்டார். மோட்டார்சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வந்த ஒருவர் நிறுத்தினார். பெட்டிக்கு மேலே தொங்கிய பையில் சின்னத் தேத்தண்ணிப் பிளாஸ்க், ஒரு பனங்குட்டான். பனங்கட்டியை உடைத்துக் கையில் வைத்து, “இதைக் கடிச்சுக்கொண்டு குடியுங்கோ ஐயா, பிறகு கதைப்பம்” என்றாராம். பத்து நிமிடத்தில் உலகம் திரும்ப வந்தது. மீன் வாசத்தோடு குடித்த அந்தப் பிளேன்ரீ மாதிரி வாழ்நாளில் குடிக்கவில்லை என்று அவர் சொன்னபோது, நான் தடை செய்த சாமான்தான் அவரைத் தூக்கி நிறுத்தியது என்பதை இருவருமே சொல்லாமல் விட்டோம்.

தேவைக்கு மிகக் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு கடுமையாகப் பயிற்சி செய்தால் ஹோர்மோன், எலும்பு, நித்திரை, மனநிலை எல்லாம் அடிபடும். அதைவிட, மிக வேகமாக நிறை குறைந்தால் ஈரலில் அழற்சி கூடவும் கூடும். கிழமைக்கு அரைக் கிலோ போதும், ஒரு கிலோவைத் தாண்டக்கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தாளில் எழுதவில்லை.

இரண்டாவது தாள்

இந்த முறை மனைவியும் வந்திருந்தார். சமைப்பவர் இல்லாமல் சாப்பாட்டுத் திட்டம் போடுவது வீண் வேலை.

நாளை மூன்றாகப் பிரித்தோம். நீண்ட நாள், அதாவது 90 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஞாயிறு: ஓட முதல் இரண்டு வாழைப்பழம், ஓடும்போது மணிக்கு 40 கிராம் அளவில் மாச்சத்து, அவருடைய பழைய பானமோ, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியும் பனங்கட்டித் துண்டுமோ. முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் நல்ல சாப்பாடு, சோறு உட்பட, பயமில்லாமல். குறுகிய நாள், ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டம்: தண்ணீர் மட்டும். போத்தலில் சீனி ஒன்றும் இல்லை. ஓடாத நாள்: சோறு ஒரு கோப்பை அளவு, மிச்சத் தட்டு முழுக்க மரக்கறி.

பனங்கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் பனங்கட்டி சீனியே இல்லை என்ற நம்பிக்கை ஒன்று உண்டு. சீனி வருத்தக்காரர் கூட அதைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார்கள். எனக்கும் அது பிடிக்கும், அதன் ருசிக்கு நிகர் இல்லை. ஆனால் ஈரலுக்கு அது சீனிதான். இனிப்புப் பனஞ்சாறான கருப்பணியும் அப்படித்தான். ஓடும்போது நல்லது, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து கடிக்க அல்ல.

தேத்தண்ணியில் சீனியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து அரை, இரண்டு மாசத்தில் இல்லை. ஐந்து தேத்தண்ணியில் இரண்டைச் சீனி போடாத கறுப்புக் கோப்பியாக்கினோம். கோப்பி குடிப்பவர்களில் ஈரல் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது. மருந்து என்று சொல்லமாட்டேன், கேடில்லாத பழக்கம்.

மிகப் பெரிய வாக்குவாதம் புட்டில் வந்தது. வீட்டில் குரக்கன் புட்டுக்கு மாற்றிவிட்டதாகவும், ஆகவே அளவு பார்க்கத் தேவையில்லை என்றும் நினைத்திருந்தார். குரக்கனில் நார் கூட, பசி தாங்கும், நல்லது. ஆனால் நீத்துப்பெட்டி நிறைய அவித்துக் கொட்டினால் குரக்கனும் மாச்சத்துத்தான், அதோடு தேங்காய்ப்பூ வேறு. முன்பு மூன்று அகப்பை, இப்போது ஒன்றரை. பக்கத்தில் முருங்கையிலை வறை, மீன். இரவுச் சாப்பாடு ஒன்பதரையிலிருந்து ஏழரைக்கு வந்தது.

புரதம் குறைவாக இருந்தது. நிறை குறையும்போது தசை போகாமல் இருக்க நாளுக்கு 100 கிராம் அளவில் தேவை. சமைக்காத 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில் கிடைக்கும். சூடை, பாரை, நெத்தலி எல்லாம் இந்த ஊரில் பஞ்சமில்லை. செவ்வாய், வெள்ளி மரக்கறி நாள் என்பதால் அன்றைக்குப் பயறு, கடலை, சோயாமீற், தயிர். கிழமையில் இரண்டு நாள் ஓட்டத்தைக் குறைத்து அரைமணி நேரம் பாரம் தூக்கும் பயிற்சி சேர்த்தோம். கிழமைத் தூரம் 50 இலிருந்து 42 ஆனது. அவருக்கு மனம் வரவில்லை. நித்திரையையும் ஐந்து மணி நேரத்திலிருந்து ஆறரை மணி நேரத்துக்குக் கொண்டுவந்தோம். பத்தரை வரை ஃபோனில் ஓட்டக் கணக்குப் பார்ப்பதை நிறுத்தியதில்தான் அது முடிந்தது.

மருந்து கொடுக்கவில்லை. கனடாவில் இருக்கும் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: 2024 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்த ரெஸ்மெற்றிரொம், 2025 ஓகஸ்ற்றில் கொழுப்பீரல் அழற்சிக்கு அனுமதி பெற்ற செமாகுளுரைட் ஊசி. இரண்டும் உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் இரண்டும் அழற்சியோடு, நடுத்தர அளவுக்கோ அதற்கு மேலோ, ஆனால் சிரோசிஸ் ஆகாத அளவுக்குத் தழும்பு விழுந்தவர்களுக்கு. இவருடைய ஈரலில் தழும்பே இல்லை. “தம்பிக்குச் சொல்லுங்கோ, உங்களுக்குக் குரக்கன் புட்டில ஒன்றரை அகப்பைதான் எழுதியிருக்கு எண்டு” என்றேன்.

இலக்கங்கள்

மொத்த நிறையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்புக் குறையத் தொடங்கும். 7 முதல் 10 வரை போனால் அழற்சி தணியும். பத்தைத் தாண்டினால் தழும்பு கூடச் சிலருக்குப் பின்வாங்கும். இவருக்கு 7 சதவீதம் என்றால் 5 கிலோ. முதல் மாசத்தில் போன 4.2 இல் பாதி, திரும்பச் சாப்பிடத் தொடங்கியதும் வந்துவிட்டது. தண்ணீரும் கிளைக்கோஜனும்தான் பெரும்பாலும். அதற்குப் பிறகு மெதுவாக, மாசத்துக்கு ஒரு கிலோ, சில மாசம் ஒன்றுமில்லை.

ஒவ்வொரு பரிசோதனையும் ஏழு நாள் ஓய்வுக்குப் பிறகுதான். மூன்றாம் மாசம் ஏஎல்டி 44. ஆறாம் மாசம் 31. பன்னிரண்டாம் மாசம் 27, ஏஎஸ்டி 25, ஜிஜிடி 30, ட்ரைகிளிசரைட் 131, எச்பிஏ1சி 5.6. நிறை 66, இடுப்பு 86, பிறசர் 122/78. கொழும்பில் அதே இடத்தில் திரும்பச் செய்த ஃபைப்ரோஸ்கானில் கொழுப்பு அளவு 301 இலிருந்து 238, இறுக்கம் 5.0. உள்ளூர் ஸ்கான் ‘சாதாரண ஈரல்’ என்று வந்தது. அதை நான் முழுதாக நம்பவில்லை. ஈரலில் ஐந்து சதவீதம் கொழுப்பு இருந்தாலே அது கொழுப்பீரல். ஸ்கானுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்த பிறகுதான் சரியாகத் தெரியும். ‘தெரியவில்லை’ என்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அரை மரதன் நேரம் 1 மணி 46 நிமிடம். கிழமைக்கு எட்டுக் கிலோமீற்றர் குறைத்து ஓடியும் ஆறு நிமிடம் கூர்மையாகியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அவரைத் திட்டத்தில் பிடித்து வைத்தது ஈரல் இல்லை, இந்த ஆறு நிமிடம்தான். ஐந்தரைக் கிலோ இல்லாமல் ஓடினால் யாருக்கும் அது வரும்.

எல்லாம் நேர்கோடாகப் போகவில்லை. ஆடிப்பிறப்புக்கு மாமியார் வீட்டில் கூழும் கொழுக்கட்டையும். பிறகு நல்லூர்த் திருவிழா, இருபத்தைந்து நாள். வீட்டில் மச்சம், அதாவது மீன், இறைச்சி, இல்லை, ஆகவே புரதம் பாதியானது. பின்னேரத்தில் கோயிலடி, ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் சர்பத், திரும்பும் வழியில் பிள்ளைகளோடு ஐஸ்கிரீம். தேருக்கு அடுத்த கிழமை வந்தபோது 67.6 கிலோ, ட்ரைகிளிசரைட் 168. குற்றம் செய்தவர் மாதிரி முன்னால் இருந்தார். சர்பத்தை விட்டு மோர் பந்தலுக்குப் போகலாமே என்று கேட்டேன். “மோர்ப் பந்தலில சனம் கூட டொக்டர்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு மாசத்தில் திரும்ப 66.4.

கள்ளை அவர் விடவில்லை. ஒரு போத்தல் இப்போது மாசத்துக்கு ஒன்று என்கிறார். மனைவியின் முகத்தைப் பார்த்தால் இரண்டு என்று தெரிகிறது.

இப்போது என் பரிசோதனைத் துண்டில் ஒரு வரி கூடியிருக்கிறது: ‘கடைசிக் கடும் பயிற்சி எப்போது?’ இவருக்காகப் போட்டது, எல்லோருக்கும் தொடர்கிறேன். பாரம் தூக்கும் இளைஞர்களில் இரண்டு பேர் அந்த வரியாலேயே தேவையில்லாத ஸ்கானில் இருந்து தப்பினார்கள்.

போன முறை அடுத்த இரத்தப் பரிசோதனைக்குத் திகதி போட நாட்காட்டியை எடுத்தேன். பதினாறாம் திகதி என்று எழுதப் போனபோது பேனையைத் தடுத்தார்.

“பதினைஞ்சு ஞாயிறு டொக்டர். வல்லிபுரம் வரைக்கும் ஓட்டம் இருக்கு. இருபத்திநாலு போடுங்கோ.”

இருபத்துநாலு போட்டேன்.